மழைக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை: கடலூரில் தொண்டு நிறுவனங்கள் தகவல் தொழில்நுட்பத்தை ஒருங்கிணைத்துக்கொள்ள ஒரு கையேடு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், 2015 நவம்பர் 9 அன்று நெய்வேலியில் ஒரே நாளில் கொட்டிய 48 சென்டிமீட்டர் மழை, 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும் அதையொட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் என்று இருபது ஆண்டுகளில் கடலூர் மாவட்டம் பட்டது கொஞ்சமல்ல. ஒவ்வொரு முறையும் உதவ வந்தவர்கள் ஏராளம். ஆனால் ஆளுக்கொரு கணக்கெடுப்பு, ஆளுக்கொரு பட்டியல், ஆளுக்கொரு வாட்ஸ்அப் குழு என்று வேலை நடக்கும்போது, தார்ச்சாலையை ஒட்டிய ஊருக்கு ஒரே நாளில் மூன்று வண்டி தார்ப்பாய் போய்ச் சேரும். உப்பங்கழியைத் தாண்டி உள்ளே இருக்கும் தெருவுக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள். போகவில்லை என்பதும் ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவரும். தனியாகக் கணினிப் பிரிவு வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறிய, நடுத்தர அமைப்புகள் இந்த நிலையைத் தவிர்ப்பதற்குத் தமக்குள் என்னென்ன ஏற்பாடுகள் செய்துகொள்ள வேண்டும் என்பதை இக்கையேடு சொல்கிறது.

உலக அளவில் இதற்கென்று அமைப்புகள் இருக்கின்றன. பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து 2001இல் தொடங்கிய நெட்ஹோப், பேரிடர் நடந்த இடத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி இணைய இணைப்புக்குச் செலவழிக்காமல் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2005இல் கொண்டுவந்த துறைவாரிக் குழு முறையில், அவசரத் தொலைத்தொடர்புக்கான குழுவை உலக உணவுத் திட்டம் தலைமையேற்று நடத்துகிறது. இவற்றின் அமைப்பு முறையை அப்படியே கடலூருக்குக் கொண்டுவர முடியாது. கொண்டுவரத் தேவையும் இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி இங்கே மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்டு. மாவட்ட ஆட்சியரே அதற்குத் தலைவர். 1077 என்ற எண்ணில் இயங்கும் கட்டுப்பாட்டு அறை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. ஆகவே நாம் செய்யும் எந்த ஏற்பாடும் அந்த அறையோடு இணைந்துதான் நடக்க வேண்டும். உலக அமைப்புகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: யார், எதை, எங்கே செய்கிறார்கள் என்பதை எல்லோரும் பார்க்கும்படி ஒரே அட்டவணையில் எழுதுவதும், அந்த அட்டவணையின் விதிகளைப் பேரிடருக்கு முன்பே பேசி முடிப்பதும்.

யாரைக் கூட்டுவது, எப்போது கூட்டுவது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஆதலால் ஆடி, ஆவணி மாதங்களில் முதல் கூட்டத்தை நடத்திவிடுவது நல்லது. ஒவ்வொரு அமைப்பிலிருந்தும் இரண்டு பேர் வர வேண்டும்: முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஒருவர், அந்த அமைப்பில் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலையை நிஜமாகச் செய்பவர் மற்றொருவர். செயலாளர் மட்டும் வந்து எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிவிட்டுப் போனால், புயல் நாளில் கணினி முன் உட்காரும் பெண்ணுக்கு அந்தச் சம்மதத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவிலிருந்து ஒருவரை முறைப்படி கடிதம் கொடுத்து அழைக்க வேண்டும். மீனவ ஊர்களின் பஞ்சாயத்தாரையும் அழைப்பது அவசியம்; தேவனாம்பட்டினமோ சோத்திக்குப்பமோ எதுவாயினும், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது முதலில் அவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று 2005 ஜனவரித் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு அமைக்கப்பட்டது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், நாகப்பட்டினத்துத் தொண்டு நிறுவனமான ஸ்நேகாவும் அதில் முன்னின்றன. வந்து குவிந்த நிறுவனங்களைப் பதிவு செய்து, எந்த ஊரில் எவர் வேலை செய்கிறார் என்று வைத்திருந்ததுதான் அம்மையத்தின் பெரிய பலம். அதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. இலங்கையில் அதே சமயத்தில் தன்னார்வக் கணினி வல்லுநர்கள் சகானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள் ஆகியவற்றைப் பதிவதற்கான அம்மென்பொருள் பின்னர் வேறு நாடுகளிலும் பயன்பட்டது. இரண்டும் மதிக்கத்தக்க முயற்சிகளே. ஆயினும் நம்முடைய அளவுக்கு ஒரு பொது அட்டவணையும் அதைக் காலை மாலை பார்த்துச் சரிசெய்யும் ஒரு மனிதரும் போதும் என்பது என் கருத்து. புயல் வந்த மறுநாள் புதிய செயலி ஒன்றை உருவாக்கித் தருகிறோம் என்று யார் வந்தாலும், நன்றி சொல்லி, அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் வரச்சொல்வதே முறை.

ஊர்ப் பெயரைத் தீர்த்துக்கொள்வது

ஒருங்கிணைப்பு பெரும்பாலும் உடைவது இங்கேதான் என்பதால், இதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு புதுக்குப்பம் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியிலும் புதுக்குப்பம் இருக்கிறது. ‘புதுக்குப்பத்துக்கு 150 போர்வை வேண்டும்’ என்று குழுவில் ஒரு செய்தி வந்தால், அது எந்தப் புதுக்குப்பம் என்று கேட்டு, அனுப்பியவர் பதில் சொல்வதற்குள் அவருடைய கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருக்கும். புதுச்சேரியின் உள்ளாட்சிப் பிரிவுகளில் ஒன்றான பாகூர் கொம்யூன் பகுதியும் கடலூர் வட்டமும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு: தெருவின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி என்ற இடங்களில் நிவாரண அறிவிப்பும் வேறு, வருவாய்த் துறையும் வேறு, கட்டுப்பாட்டு அறையும் வேறு.

இதற்குத் தீர்வு ஊருக்கு எண் கொடுப்பது. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் இடங்களுக்கென்று தனிக் குறியீடுகளை வைத்துக்கொள்கின்றன. நாம் புதிதாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் நடத்தும் உள்ளாட்சி அடைவில் (Local Government Directory) ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் கிராமத்துக்கும் ஊராட்சிக்கும் குறியீட்டு எண் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடலூர் மாவட்டத்துக்கும், அதை ஒட்டிய புதுச்சேரிக் கொம்யூன்களுக்கும் உரிய பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு கோப்பாக்கி, எல்லா அமைப்புகளுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டும்.

அதோடு வேலை முடிந்துவிடாது. அரசுப் பட்டியலில் வருவாய்க் கிராமம் இருக்கும்; அதற்குள் இருக்கும் குப்பம், காலனி, இருளர் குடியிருப்பு, தீவுத்திட்டு ஆகியவை பெரும்பாலும் தனியாக இருக்காது. நிவாரணம் தவறிப்போவது அந்த இடங்களுக்குத்தான். கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சிச் செயலரையும் உட்காரவைத்து, ஒவ்வொரு கிராமக் குறியீட்டின் கீழும் உள்ள குடியிருப்புகளை எழுதி, கிராம எண்ணுக்குப் பின்னால் 01, 02, 03 என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். மக்கள் வழங்கும் பெயரையும் அரசுப் பெயரையும் அருகருகே இரண்டு கட்டங்களில் எழுதுவது உதவும். ஒவ்வொரு குடியிருப்பிலும் மேடான பொது இடம் ஒன்றின் ஜிபிஎஸ் புள்ளியை அப்போதே எடுத்துவைத்துவிட்டால், வெளியூரிலிருந்து வரும் வண்டி ஓட்டுநருக்கு வழி சொல்லும் வேலை பாதி குறையும்.

படிவமும் பொது அட்டவணையும்

எல்லா அமைப்புகளும் ஒரே படிவத்தில் கணக்கெடுக்க வேண்டும் என்று கேட்டால் யாரும் இசைவதில்லை. ஒவ்வொன்றுக்கும் நன்கொடையாளர் கேட்கும் கேள்விகள் வேறு. அதனால் எல்லோரும் கட்டாயம் கேட்க வேண்டிய பத்துப் பன்னிரண்டு கேள்விகளை மட்டும் ஒப்புக்கொண்டு, அவற்றின் வாசகத்தையும் விடைகளையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, மீதியை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். கூரை முழுதும் போயிற்றா, பகுதி போயிற்றா. குடிநீர் எங்கிருந்து வருகிறது. வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, நடமாட முடியாதவர் உண்டா. படகு, வலை, கால்நடை இழப்பு உண்டா. பண்ருட்டிப் பக்கமானால் முந்திரி, பலா மரங்கள் விழுந்தனவா என்பவை அந்தப் பொதுக் கேள்விகளில் இருக்க வேண்டும். கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே ஆகிய செயலிகள் இணையம் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பிச் சேமித்துவைத்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்பும். தமிழ் எழுத்தையும் ஏற்கும். படிவத்தை முன்னதாகவே கைபேசியில் இறக்கி வைத்திருந்தால்தான் இதனால் பயன். புயலுக்குப் பின் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.

எழுத்துரு பற்றியும் கூட்டத்திலேயே பேச வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் சில அலுவலகங்களில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல்கள் இன்னும் புழங்குகின்றன. அப்படிப்பட்ட கோப்பை மற்றொரு கணினியில் திறந்தால் பெயர்கள் குறியும் புள்ளியுமாகத் தெரியும். தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. யூனிகோடில் அல்லாத எந்தப் பட்டியலையும் பொதுக் கோப்பில் சேர்ப்பதில்லை என்று ஒரு விதி வைத்து, பழைய கோப்புகளை மாற்றித் தருவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினாலும் தொல்லை தீராது. கலைச்செல்வி என்ற ஒரே பெயரை நாலு விதமாக எழுதுவார்கள், நாலு பயனாளிகள் ஆகிவிடும். தமிழில் எழுதி, கணவர் அல்லது தந்தை பெயரையும் குடியிருப்புக் குறியீட்டையும் சேர்த்துப் பார்ப்பதே இரட்டிப்பைக் கண்டுபிடிக்கும் நம்பகமான வழி.

தேதியும் அப்படித்தான். நமக்குப் பேரிடர் வருவது நவம்பர், டிசம்பர் மாதங்களில். 11/12 என்று எழுதினால் சில கணினிகள் அதை டிசம்பர் 11 என்றும், அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினிகள் நவம்பர் 12 என்றும் எடுத்துக்கொள்ளும்; ஒரு மாதக் குழப்பம் ஒரு சாய்கோட்டில் நுழைந்துவிடும். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள்.

பொது அட்டவணையில் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: குடியிருப்புக் குறியீடு, மக்கள் வழங்கும் பெயர், அமைப்பின் பெயர், பொருள் தார்ப்பாய், அளவு 120, நிலை ‘வழியில்’, நாள் 3 டிசம்பர், பதிந்தவர், கைபேசி எண். இதில் உயிரான கட்டம் நிலை என்பது. ‘எண்ணம்’, ‘வழியில்’, ‘கொடுத்தாயிற்று’ என்ற மூன்று சொற்களைத் தவிர வேறெதையும் அந்தக் கட்டத்தில் எழுத அனுமதிக்கக் கூடாது. கொடுக்கலாம் என்று நினைத்திருப்பதைக் கொடுத்ததாகப் பதிந்துவிட்டால், மற்ற அமைப்புகள் அந்த ஊரை விட்டுவிட்டு நகர்ந்துவிடும், அங்குள்ள மக்கள் பசியோடு இருப்பார்கள். ‘எண்ணம்’ என்று பதிந்து இரண்டு நாள் ஆகியும் நகராத வரியை ஒருங்கிணைப்பாளர் அழிக்கலாம் என்ற அதிகாரத்தையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஊர்களைப் பெயரளவில் பிடித்துவைத்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிடும். தினமும் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை அந்த அட்டவணையைப் படமாக எடுத்துக் குழுவில் போட வேண்டும். இணையம் மெதுவாக இருக்கும்போது கோப்பைத் திறக்க முடியாதவர்களும் படத்தைப் பார்த்துவிடுவார்கள். ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு அதையே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

இணைப்பும் மின்சாரமும்

தானே புயலுக்குப் பின் மாவட்டத்தின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. கைபேசிக் கோபுரம் நின்றாலும் அதன் மின்கலமும் டீசலும் தீர்ந்தால் அது வெறும் இரும்புதான். எனவே இணைப்பைப் பகிர்வது என்பது முதலில் மின்சாரத்தைப் பகிர்வதாகும். எந்த அமைப்பிடம் ஜெனரேட்டர் உள்ளது, எவரிடம் இன்வெர்ட்டர், எவரிடம் சூரிய மின்தகடு, எந்தப் புயல் பாதுகாப்பு மையத்தில் எந்த வசதி வேலை செய்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் இருக்கச் செய்யுங்கள். கடலூர் நகரில் ஒன்று, சிதம்பரம் அல்லது பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒன்று, உள்நாட்டில் பண்ருட்டி அல்லது குறிஞ்சிப்பாடியில் ஒன்று என மூன்று பொது இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே எந்த அமைப்பின் பணியாளரும் வந்து சார்ஜ் போட்டு, வைஃபை மூலம் படிவங்களை அனுப்பலாம் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது இரண்டு நிறுவனங்களின் சிம் அட்டைகள் போட்ட ரவுட்டர் இருக்க வேண்டும். பேரிடர்க் காலங்களில் ஒரு நிறுவனத்தின் கோபுரம் விழுந்தால் மற்றொரு நிறுவனத்தின் கோபுரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை செய்வதுண்டு. அப்போது கைபேசியின் அமைப்புகளில் நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் பணியாளர்களுக்குச் செய்துகாட்டிப் பழக்குங்கள்.

செயற்கைக்கோள் தொலைபேசி விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. பேரிடர் இடங்களுக்குத் தொலைத்தொடர்புக் கருவிகளை எளிதாகக் கொண்டுசெல்ல வழிசெய்யும் தாம்பெரே உடன்படிக்கை 1998இல் உருவாகி, ஆழிப்பேரலை நடந்த இரு வாரங்களுக்குள், 2005 ஜனவரி 8 அன்று, நடைமுறைக்கு வந்தது. அது இருக்கிறதே என்று வெளிநாட்டு நண்பர் ஒருவர் துராயா அல்லது இரிடியம் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு சென்னையில் வந்து இறங்கினால், கைதாக நேரிடலாம்; இந்தியாவில் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம். பிஎஸ்என்எல் வழியாக முறைப்படி பெறும் இன்மார்சாட் சேவையே உரிய வழி. வெளிநாட்டுக் கூட்டாளிகள் உள்ள அமைப்புகள் இதை அவர்களுக்கு எழுத்து மூலம் முன்னதாகத் தெரிவித்துவிட வேண்டும். வாக்கி டாக்கி வாங்குவதாக இருந்தால், அதன் அலைவரிசைக்கு உரிமம் வேண்டுமா, கருவிக்கு அரசின் ஒப்புதல் சான்று உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும். அமெச்சூர் வானொலி (ஹாம் ரேடியோ) உரிமம் பெற்றவர்கள் உங்கள் பகுதியில் இருந்தால், அவர்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள். 2004இல் போர்ட் பிளேரில் தற்செயலாக இருந்த இந்திய அமெச்சூர் வானொலிக் குழுவினர், அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது செய்திகளைக் கொண்டுசேர்த்தார்கள்.

கடைசியாக, மக்களுக்குச் செய்தி சொல்லும் கருவி ஒலிபெருக்கி என்பதை மறக்கக் கூடாது. புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். ஆழிப்பேரலை நாளில் நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் அவ்வூர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, 3,500-க்கும் மேற்பட்டோர் உயிர்தப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு செய்தி கடைசி வீடு வரை போய்ச் சேர அந்த ஊரிலேயே ஒரு வழி இருந்தது. ஆகவே, ஒவ்வொரு குடியிருப்பிலும் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல், ஊர்ப் பஞ்சாயத்து ஆகியவற்றின் ஒலிபெருக்கி யார் பொறுப்பில் இருக்கிறது, மின்சாரம் போனால் எதில் ஓடும் என்பதைக் குறியீட்டுக் கோப்பிலேயே சேர்த்துவையுங்கள்.

பெயர்ப் பட்டியலைக் காப்பது

பொது அட்டவணையில் ஊரும் பொருளும் அளவும் மட்டுமே இருக்க வேண்டும். மனிதர்களின் பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் வேறு கோப்பு. அதைக் கணக்கெடுத்த அமைப்பே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு அமைப்புகள் ஒரே குடியிருப்பில் வேலை செய்யும்போது மட்டும், இரட்டிப்பைப் பார்ப்பதற்காக, இருவரும் நேரில் உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். 2022 ஜனவரியில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் கணினிகளில் ஊடுருவல் நடந்திருப்பது தெரியவந்தபோது, போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உட்பட 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதில் அகப்பட்டிருந்தன. அத்தனை பெரிய அமைப்புக்கே அது நேர்ந்தது என்றால், யாரும் எவருக்கும் அனுப்பக்கூடிய வாட்ஸ்அப் குழுவில் விதவைகளின் பெயரும் கைபேசி எண்ணும் உள்ள எக்செல் கோப்பைப் போடுவது எப்படித் தகும்? 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவருடைய விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று அவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு வாங்க வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. சம்மதம் கேட்கும் இரண்டு வரிகளைப் படிவத்தின் தலைப்பிலேயே, பேசும் தமிழில், எழுதிவையுங்கள்.

ஆதார் எண்ணை வாங்காதீர்கள். நாம் தார்ப்பாயும் அரிசியும் கொடுப்பதற்கு அது தேவையில்லை. குடும்ப அட்டை எண் ஒப்பீட்டுக்கு உதவும். ஆனால் அதை மட்டும் நம்பிப் பட்டியல் போட்டால், அட்டையே இல்லாதவர்கள் கணக்கிலிருந்து மறைந்துபோவார்கள். கிள்ளை, பிச்சாவரம் பகுதிகளில் வாழும் இருளர் குடும்பங்களில் அட்டையும் சான்றிதழும் கிடைக்காமல் நெடுங்காலம் அலைந்தவர்கள் உண்டு; வெள்ளத்தில் அட்டையை இழந்தவர்களும் இருப்பார்கள். படிவத்தில் அட்டை எண்ணைக் கட்டாயக் கட்டமாக வைத்துவிட்டால், செயலி அடுத்த பக்கத்துக்கே போகாது. களப்பணியாளர் வேறு வழியின்றி அந்த வீட்டை விட்டுவிடுவார். ஆகவே அந்தக் கட்டத்தை விருப்பக் கட்டமாக்கி, ‘அட்டை இல்லை’, ‘தொலைந்தது’ என்ற விடைகளைக் கொடுத்து, அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குடியிருப்புக் குறியீட்டோடு ஒரு வரிசை எண் தந்துவிட வேண்டும். அட்டை இல்லாத வீடுகள் எந்தக் குடியிருப்பில் எத்தனை என்ற தொகையை, பெயரின்றி, வட்டாட்சியருக்குத் தெரிவிப்பதும் நம் கடமையே.

ஒத்திகையும் முடிப்பும்

செப்டம்பரில் ஒரு நாள் ஒத்திகை நடத்துங்கள். மூன்று நான்கு குடியிருப்புகளில் இணையத்தை அணைத்துவிட்டுப் படிவத்தை நிரப்பி, பொது இடத்துக்கு வந்து அனுப்பி, அட்டவணையில் பதிந்து, படமெடுத்து, கட்டுப்பாட்டு அறையில் சேர்ப்பது வரை செய்து பார்த்தால் எங்கே இடறுகிறது என்பது தெரியும். பெரும்பாலும் கடவுச்சொல் தெரிந்தவர் ஊரில் இல்லாததால்தான் வேலை நின்றுபோகும். இரண்டு பேருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

நிவாரணப் பணி முடிந்தபின், பொங்கல் கழிந்த ஒரு நாளில் எல்லோரும் மீண்டும் கூட வேண்டும். குடியிருப்புவாரியான தொகைகளையும், திருத்தப்பட்ட குறியீட்டுக் கோப்பையும் மாவட்ட நிர்வாகத்திடமும் எல்லா அமைப்புகளிடமும் ஒப்படைக்கலாம். பயனாளிகளின் பெயர்ப் பட்டியலைத் தணிக்கைக்கு எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டுமோ அவ்வளவு காலத்துக்கு ஒரே ஒரு பூட்டிய பிரதியாக வைத்துக்கொண்டு, களப்பணியாளர்களின் கைபேசிகளிலும் பென்டிரைவ்களிலும் பகிர்ந்த கோப்புறைகளிலும் உள்ள மற்றப் பிரதிகளை அழித்து, அழித்ததாக ஒவ்வோர் அமைப்பும் கையெழுத்திட வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களைப் பகிர்வுப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். ரவுட்டர்களில் உள்ள சிம் அட்டைகள் பயன்படுத்தாமல் கிடந்தால் சேவை நின்றுவிடும் என்பதால், அவற்றுக்குக் கோடையிலும் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை ஓர் அமைப்பின் பெயரில் எழுதிவைத்து, அந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.